அத்தை வீட்டுக் கிணறு

சென்ற ஆவணி மாதம் ஒரு பத்திரிகை நண்பர் வந்தார். "நீங்கள் காஞ்சிபுரத்துக்காரர் ஆயிற்றே, தீபாவளி மலருக்குப் பட்டுப் புடவையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்களேன்" என்று கேட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். பட்டைப் பற்றி எழுதுவது எனக்கு ஒரு பிரமாதமான காரியமா என்ன? பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு வளர்ந்தவன் நான்.

அன்று இரவே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, கோர்வையில் இரண்டையும் பிரியாமல் பிணைக்கிற வித்தையைச் சொன்னேன். கரையில் ஏறி நிற்கிற கோபுரத்தையும் யாளியையும் சொன்னேன். அடுத்தபடி நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்கள் ஊர் அரக்குச் சிவப்புக்குக் காரணம் பாலாற்றுத் தண்ணீர்" என்று ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிற வாக்கியந்தான். அதை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. தண்ணீர் என்று எழுதியதுமே அத்தை வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

தீபாவளி மலர் என் கட்டுரை இல்லாமலே வெளிவந்தது. நண்பருக்குக் கோபம். அவருக்குச் சொல்ல முடியாமல் போன சமாதானத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா நெசவாளி அல்ல, சாயக்காரர். வீட்டுக் கொல்லையில் இரண்டு பெரிய செப்பு அண்டாக்கள், அவற்றுக்கு அடியில் கோட்டை அடுப்பு, பக்கத்தில் ஒரு கிணறு. எங்கள் ஆஸ்தி அவ்வளவுதான். கர்நாடகத்திலிருந்து வருகிற கச்சாப் பட்டு வைக்கோல் மாதிரி விறைப்பாக இருக்கும். அதைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேக வைத்தால், புழு தன் இழைமேல் பூசியிருந்த பசை கழன்று வந்துவிடும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசையோடு போய்விடும். அப்புறந்தான் பட்டு பட்டாகும். பிறகு சாயத் தண்ணீர். சிட்டம் சிட்டமாக நூலைக் கழியில் கோத்து, கொதிக்கிற அண்டாவில் முக்கி, திருப்பித் திருப்பிப் போட வேண்டும். அப்பாவின் விரல் நகங்கள் எந்த நாளும் ஒரே நிறத்தில் இருந்தது கிடையாது.

வெந்த சோப்புத் தண்ணீரும், வடித்த சாயத் தண்ணீரும் என்ன ஆகும்? கொல்லை வாய்க்கால் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும். எங்களைப் போன்ற வீடுகள் பல இருந்ததால் சாக்கடை தினம் ஒரு நிறம் காட்டும். பையன்களாகிய நாங்கள் அதில் காகிதக் கப்பல் விடுவோம். இந்த முகூர்த்தத்துக்கு ஊரில் எந்த நிறம் எடுபடுகிறது என்று கடைக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் கப்பல்களுக்குத் தெரிந்துவிடும். இது அக்கிரமம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அழகாக இருக்கிறது என்றுகூட நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வியாசம் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

இனி அத்தை.

அப்பாவுக்கு மூத்தவள். ஆம்பூருக்கு அப்பால், பாலாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்திருந்தது. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் நடந்து, வாணியம்பாடிக்கு மேலே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஆம்பூர், வேலூர், வாலாஜா எல்லாம் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செவிலிமேட்டுப் பக்கம் வருகிறது. அதாவது, அத்தை ஊரைத் தொட்டுவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வர வேண்டும். "நான் அங்கே கால் அலம்பினால் அந்தத் தண்ணீர்தாண்டா உங்கப்பன் அண்டாவுக்கு வருது" என்பாள் அத்தை. ஆற்றில் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் பேச்சு அது. நான் பார்த்த பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் ஊற்று உண்டு. கரையில் இருக்கிற கிணறுகளெல்லாம் அந்த ஊற்றை நம்பியவை.

கோடை விடுமுறைக்கு ஓச்சேரி வழியாகப் பஸ் ஏறி, வேலூரில் மாறி, அத்தை வீட்டுக்குப் போவோம். மாமாவுக்கு இரண்டு ஏக்கர் நிலமும், கிணற்றைச் சுற்றி நாற்பது தென்னையும் இருந்தன. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியை எழுத வேண்டுமென்று பல கதைகளில் முயன்று தோற்றிருக்கிறேன். இங்கேயும் முயலப் போவதில்லை.

எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயசு இருக்கும்போது அந்தக் கிணறு கெட ஆரம்பித்தது. அதைக் கண்டுபிடித்தவை கருவிகள் அல்ல, துவரம்பருப்பு. "என்னமோ தெரியலை, பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று அத்தை முதலில் மளிகைக் கடைக்காரரோடு சண்டை போட்டாள். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. வெந்நீர்ப் பானைக்குள்ளே சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் பொருக்கு. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, தண்ணீர் பாய்ந்து காய்ந்த வயலில் அதே வெள்ளை. தென்னை ஓலைகள் நுனியிலிருந்து கருகின; குரும்பை உதிர்ந்தது; நின்ற காயும் கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

மேற்கே ஒன்றரை மைலில் தோல் பதனிடும் ஆலை ஒன்று இருந்தது. அதன் கழிவு ஓடை அத்தை வீட்டு வயலை ஒட்டித்தான் ஆற்றுக்குப் போயிற்று. அந்த ஆலையின் பெயர் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. அதைப் போல அந்தக் கரையில் எத்தனையோ இருந்தன.

வாசகர்களில் தோல் செருப்பு போடாதவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்தச் செருப்பு எப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது தவறில்லை. அறுத்த தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளி அப்புவார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பில் ஊறப் போட்டு முடியை நீக்குவது. பிறகு பதனிடுவது. முன்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக் கணக்கில் ஊற வைத்தார்கள். அந்தத் தண்ணீரும் நாறும்; ஆனால் மண் அதைத் தாங்கிக்கொண்டது. குரோமிய உப்பு வந்த பிறகு வாரக் கணக்கு வேலை நாள் கணக்கில் முடிந்தது. ஏற்றுமதி பெருகியது. ஆலையும் பெருகியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், குரோமிய முறையில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பே கணக்குச் சொல்கிறது. இத்தனையையும் வாங்கிக்கொண்ட தண்ணீர் வெளியே போயாக வேண்டும் அல்லவா? அது அத்தையின் கிணற்றுக்குப் போயிற்று.

அந்தத் தீர்ப்பின் கதை சுவையானது. வேலூரில் சில சாதாரண மனிதர்கள் சேர்ந்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற பெயரில், 1991-ல் டில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு ரிட் மனுப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் எம். சி. மேத்தா. கங்கைக்காகவும் தாஜ்மகாலுக்காகவும் வாதாடியவர். எதிர்த் தரப்பில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் இருந்த தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட தோல் ஆலைகள். அந்த ஐந்தில் எங்கள் காஞ்சிபுரம் அப்போது சேர்ந்திருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. தோல் பொருள்களால் தேசத்துக்கு வருகிற அந்நியச் செலாவணியை எதிர்த் தரப்பு காட்டியது. மனுதாரர்கள் கிணற்றைக் காட்டினார்கள்.

கிணற்றைக் காட்டினார்கள் என்று நான் சொல்வது அலங்காரமல்ல. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. வேலூரில் இருந்த விவசாயப் பல்கலைக் கழக ஆராய்ச்சி நிலையம், 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று கண்டிருந்தது. வெயிலில் நோட்டுப் புஸ்தகத்தோடு வீடு வீடாகப் போய், "உங்கள் கிணறு எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர்களின் முகத்தை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. பெரிய வழக்குகளின் உயிர் அந்த நோட்டுப் புஸ்தகங்களில்தான் இருக்கிறது.

1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு தீர்ப்புச் சொல்லிற்று. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும். கெட்டது கெட்டதுதான் என்று விட்டுவிடாமல் மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற செலவும் அவனுடையதே. சந்தேகம் வந்தால், தான் கெடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் அவனுக்கே. இந்த மூன்றும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அன்று நிலைநாட்டப்பட்டது. ஒவ்வொரு ஆலையும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கலெக்டர் கச்சேரியில் கட்ட வேண்டும். நஷ்டத்தைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்க வேண்டும். இன்று இந்தியாவில் எந்த ஊரில் எந்த ஆற்றுக்காக வழக்குப் போட்டாலும் வக்கீல்கள் முதலில் புரட்டுகிற தீர்ப்பு இது. பாலாற்றங்கரைப் பருப்பு வேகாததில் பிறந்த தீர்ப்பு என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

தீர்ப்பின்படி ஆணையம் வந்தது. நஷ்டப்பட்டவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். அது 1999. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, படிப்பு எனக்கு ஒத்துவராது என்று நானும், நான் படிப்புக்கு ஒத்துவர மாட்டேன் என்று கல்லூரியும் ஒருமனதாகத் தீர்மானித்து வெளியே வந்திருந்த சமயம். இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன. அத்தையிடமிருந்து ஆள் வந்தது: "கதை எழுதற பையனை அனுப்பு. மனு எழுதணும்."

இதைவிடப் பெரிய கௌரவம் பிற்பாடு எனக்கு எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஆறு பக்கம். பாலாறு பேசுவது போல ஆரம்பம். தென்னைகள் விதவைகளைப் போல நின்றன என்று ஓர் இடம். காலையில் திண்ணையில் கூடியிருந்தவர்களுக்கு உரக்கப் படித்தேன். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் ஒரு கிழவர் இருந்தார். பழைய கர்ணம். 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளைச் சர்க்கார் ஒழித்தபோது வேலை போனவர். பதவி போனாலும், ஊரின் நிலமெல்லாம் அவர் மூளைக்குள் எண்களாக உட்கார்ந்திருந்தன. ஆறு பக்கத்தையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. சினிமாவா எடுக்கலாம். கிணறு எந்தச் சர்வே நம்பர்ல இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

"ஆழம் எத்தனை? எந்த வருஷம் வெட்டினது? எத்தனை சென்ட் பாயுது? முதல்ல என்ன பயிர், இப்ப என்ன பயிர்? தண்ணியைச் சோதிச்ச சீட்டு எங்கே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன். பதினோரு வரியில் முடிந்துவிட்டது. ஒரு வரியில்கூட ஒரு பெயரடை கிடையாது. அந்த மாதிரி முப்பத்து நான்கு வீட்டுக்கு எழுதினேன். என் கைக்கு எழுதுகிற வேலை எது என்று கற்றுக் கொடுத்தவர் அந்தக் கர்ணம் தாத்தா. பத்திரிகை ஆசிரியர்களெல்லாம் அப்புறம் வந்தவர்கள்.

தண்ணீரைச் சோதிக்கப் பணம் வேண்டியிருந்தது. அத்தை சீட்டுப் பிடிக்கிற மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்தாள். தண்ணீரை எந்தப் பாட்டிலில் பிடிப்பது, எத்தனை நேரத்துக்குள் கொண்டுபோவது என்பதெல்லாம் வேலூரிலிருந்து வந்த மன்றத்து ஆட்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மனுவோடு போன அன்று அத்தை ஒரு துணிப் பையையும் எடுத்துக்கொண்டாள். உத்தியோகஸ்தர் மனுவை வாங்கி முத்திரை குத்தியதும், பையிலிருந்து இரண்டு தேங்காயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டும் சேர்ந்து ஒரு கையில் அடங்கும்.

"இதையும் பைல்ல சேர்த்துக்குங்க, சார்."

அவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "தேங்காயைப் பைல் பண்ண முடியாதும்மா, போட்டோ எடுத்துக் கொடுங்க" என்றார். போட்டோவுக்கு ஆம்பூருக்குப் போய்வர ஒரு நாள் ஆயிற்று.

இப்படி எழுதிக்கொண்டு போனால் ஊரே ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வீர்கள். அப்படி இருந்தால் கதை எழுதுவது எத்தனை சுலபம்! ஊரில் பாதிப் பேருக்கு ஆலையில்தான் கூலி. நிலம் இல்லாதவர்கள், கிணறு இல்லாதவர்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கிக் காலெல்லாம் புண்ணானவர்கள் அவர்கள்தாம். ஆனால் சனிக்கிழமை சம்பளம் வருகிறது. "ஆலையை இழுத்து மூடிட்டா எங்களுக்குச் சோறு உங்க கிணத்துல இருந்தா வரும்?" என்று ஒரு பையன் தெருவில் வைத்து அத்தையைக் கேட்டுவிட்டான். அத்தை தூக்கி வளர்த்த பையன். வாய் ஓயாத அத்தை அன்று பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். பல மாதங்கள் நாலைந்து வீட்டில் அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. மாரியம்மன் திருவிழாவில் கூழ் ஊற்றுகிற முறையைக்கூட வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது அவளை உறுத்தியது போல ஆலைக்காரர் செய்த எதுவும் உறுத்தவில்லை.

ஓர் இரவு ஆலையில் வேலை செய்கிறவர் மனைவி ஒருத்தி கொல்லைப்புறமாக வந்தாள். அவளுக்கு நிலம் இல்லை. மனுக் கொடுக்கத் தகுதி இல்லை. "எனக்கு எதுவும் வேணாம்க்கா. என் வீட்டுக்காரர் இருமறதை எழுதிக்க ஒரு இடம் இருக்கா, பாரு" என்றாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கர்ணம் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எண்களுக்கு வெளியே ஊரில் ஒரு விஷயம் இருந்ததை அவரும் அன்றுதான் பார்த்தாரோ என்னவோ! ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31-ந் தேதி தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாள் கேட்ட இடந்தான் ஞாபகம் வந்தது.

அதே 1999 வைகாசியில் அத்தை கருட சேவைக்குக் காஞ்சிபுரம் வந்தாள். வரதரை இருட்டோடு தரிசித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், வாசற்படியில் ஏறாமல் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் இரண்டு அண்டாவும் அரக்குச் சிவப்பு. சாக்கடை பார்க்க ரத்தம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது எங்க போவுது?"

"மஞ்சள் நீர்க் கால்வாய்க்கு" என்றார் அப்பா.

"அது?"

"நத்தப்பேட்டை ஏரிக்கு."

"ஏரிக்குக் கீழே யாரு பயிர் வெச்சிருக்காங்க?"

அப்பா எழுந்துவிட்டார். "ஏன் அக்கா, என் ரெண்டு அண்டாவும் அந்த ஆலையும் ஒண்ணா? நான் என்ன கோடீஸ்வரனா? சீமைக்குச் செருப்பு அனுப்பறேனா?" அவர் அத்தையிடம் குரல் உயர்த்தி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அத்தை எதுவும் பேசாமல் உள்ளே வந்து, குளித்து, சாப்பிட்டாள். ஊருக்குப் போகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்பா சொன்னதில் முக்கால் பங்கு நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருவன் கழுத்தில் இருப்பது கயிறு, இன்னொருவன் கையில் இருப்பது கயிறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சின்னவனைப் பிடிப்பது சுலபம் என்பதால் அவனைப் பிடித்துவிட்டுத் திருப்தி அடைகிற அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மீதிக் கால் பங்கு இருக்கிறதே! திருப்பூரில் சாயப் பட்டறைகளெல்லாம் சேர்ந்து நொய்யலை என்ன செய்தன என்பது தெரிந்த விஷயம். 2011 ஜனவரியில் ஹைகோர்ட்டு அத்தனை பட்டறைகளையும் மூடச் சொல்லும்படி ஆயிற்று. அங்கேயும் ஒவ்வொருவரும் "என்னுடையது ரெண்டு அண்டாதானே" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

அத்தை போன மறுவாரம் அப்பா யாரிடமும் சொல்லாமல் கொல்லையில் ஒரு குழி வெட்டினார். சாயத் தண்ணீரை அதில் விட்டார். மண் குடித்துக்கொண்டுவிட்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கார்த்திகை மழை பெய்தது. எங்கள் கிணற்றில் இறைத்த தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில் வந்தது! அம்மா குடத்தைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குழியை மூடிவிட்டு அப்பா பழையபடி சாக்கடைக்கே விட்டார். முழங்கால் வலியால் 2008-ல் அண்டாவைக் கவிழ்க்கிறவரை அப்படித்தான். அதைத் தவிர அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பது ஒருவர் கொல்லையில் கட்டுகிற சமாசாரமல்ல.

நஷ்ட ஈட்டுக்கு வருகிறேன். ஆணையத்தின் முடிவு 2001-ல் வந்தது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். அவர்களுக்குச் சேர வேண்டியது ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கோடி என்றதும் நமக்கு வாய் பிளந்துவிடுகிறது. நான் கணக்கில் புலியல்ல. ஆனாலும் வகுத்துப் பார்த்தேன். சராசரியாக ஒருவருக்குச் சுமார் 9,190 ரூபாய். அந்த வாரம் அப்பா சாயம் போட்டுக் கொடுத்த நூலில் நெய்த ஒரு கல்யாணப் புடவை அதைவிட அதிக விலைக்குப் போயிற்று.

அந்தப் பணமும் மாமா பேரில் வந்தது. மாமா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். வாரிசுச் சான்றிதழ், அதற்கு ஒரு சாட்சி, அந்தச் சாட்சிக்கு ஒரு சான்றிதழ் என்று ஓர் ஆபீசில் அலையவிட்டார்கள். மூன்று வருஷம். செக்கு கைக்கு வந்தபோது அத்தை முதல் காரியமாக, தண்ணீர்ச் சோதனைக்கு வசூலித்த தொகையை நோட்டுப் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். அவளோடு பேசாத வீடுகளுக்கும் போனாள். மீதியில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் வாங்கினாள்.

உலகத்தில் எங்கே பார்த்தாலும் இது இப்படித்தான் நடந்திருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊர். சிஸ்ஸோ என்ற கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீனைத் தின்றவர்களின் நரம்பைத் தின்றது. நோய் 1956-ல் வெளிவந்தது. கோர்ட்டுத் தீர்ப்பு 1973-ல். நடுவில், 1970-ல், நோயாளிகளும் அவர்களுக்கு வேண்டியவர்களும் ஆளுக்கு ஒரே ஒரு பங்கு வாங்கி, யாத்ரிகர்கள் உடுத்துகிற வெள்ளை உடையில், கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். பெரிய கம்பெனியின் முதலாளிக்கு முன்னால் சின்ன மனிதன் உரிமையோடு போய் நிற்பதற்கு இத்தனை வேஷம் வேண்டியிருக்கிறது.

நம் கொடைக்கானலிலும் பாதரசந்தான். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பிறகு ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து 2001 மார்ச்சில் வெளிப்படுத்தினார்கள். தொழிற்சாலை மூடியது. 2003-ல் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அது சாதாரண விஷயமா? ஆனால் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது 2016-ல். அதற்கு முந்தின வருஷம் சென்னையில் சோபியா அஷ்ரப் என்ற பெண் பாடிய ஒரு பாட்டு உலகமெல்லாம் சுற்றிவந்து, அந்த விஷயத்தை மறக்கவிடாமல் செய்தது. அந்த மாதிரி ஒரு பாட்டு பாலாற்றுக்கு அமையவில்லை. ஆறு பக்கம் எழுதியும் என்னால் முடியவில்லை என்பதை முன்னாலேயே ஒப்புக்கொண்டேன்.

பாலாற்று வழக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்தீர்களா? 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். இன்னும் நஷ்ட ஈடு பெறாதவர்களுக்குச் சர்க்கார் ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி தலைமையில் ஒரு குழு ஆற்றைக் கவனித்துவர வேண்டும். வழக்கை முடித்துவிடாமல் கோர்ட்டே தொடர்ந்து மேற்பார்வை செய்யும். முதல் மனுவுக்கும் இதற்கும் நடுவில் 34 வருஷம். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக் குழந்தை பிறந்திருக்கும்.

தீர்ப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். அந்த ஊர் இப்போது வேலூர் மாவட்டமில்லை. 2019-ல் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். கிணறு இருக்கிறது. மேலே ஒரு இரும்பு வலை. தென்னை ஏழு மிச்சம்.

தீர்ப்பின் சாரத்தைச் சத்தம் போட்டுச் சொன்னேன். பாதி கேட்டதும் எழுந்து போய்த் தகரப் பெட்டியை இழுத்துவந்தாள். முத்திரை குத்திய மனு நகல்கள், தண்ணீர்ச் சீட்டுகள், இரண்டு தேங்காயின் போட்டோ எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்பில் கிழிந்துபோன ஆறு பக்கம். என் கையெழுத்து.

"இதை ஏன் அத்தை வெச்சிருக்கே?"

"நீ நல்லாத்தானே எழுதியிருந்தே" என்றாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து என்னிடமே கொடுத்தாள். அவளுக்கு இனிமேல் அது உபயோகமில்லையாம்.

"பக்கத்துத் தெருவில நாலு வீட்டுக்கு இன்னும் பணமே வரலை. அன்னிக்கு என்னைக் கேட்டானே, அந்தப் பையன் வீடும் அதுல ஒண்ணு. அவன் அப்பா நிலம் அப்புறம் வாங்கினாரு. அவனை வரச் சொல்லியிருக்கேன். பேனா இருக்கா? அந்த நிலமெல்லாம் இப்ப உட்பிரிவு ஆயிடுச்சு, பழைய நம்பர் செல்லாது. முதல்ல சர்வே நம்பரைக் கேட்டு எழுதிக்கோ."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடுத்தர வயசுக்காரர் உள்ளே வந்தார். கையில் பட்டாப் புஸ்தகம் இருந்தது. நான் பேனாவைத் திறந்தேன்.